மைக்கை யாரிடம் கொடுத்தார்கள்? மிட்நைட் ஆயில், அடிலெய்ட், 2021

நிழற்குடை:

மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது, அச்சிட்டு எடுத்துப்போன ஒரு பழைய அனுமதிச்சீட்டு கிடைத்தது. 2021 மார்ச் 8, திங்கட்கிழமை, அடிலெய்ட், மிட்நைட் ஆயில் என்ற ஆஸ்திரேலிய ராக் குழு. திரும்ப உள்ளே வைக்க மனம் வரவில்லை. அன்றைய மாலையைப் பற்றி எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்து விட்டுப்போயிருக்கிறது. இன்று எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

அது வோமடெலெய்ட் இசை விழாவின் கடைசி நாள். வழக்கமாகப் பல மேடைகளோடு தாவரவியல் பூங்காவில் நடக்கும். கொரோனா காலம் என்பதால் அந்த ஆண்டு கிங் ராட்னி பூங்காவில் ஒரே மேடை, எல்லோருக்கும் நாற்காலி. என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர், அறுபதை நெருங்கியவர், 1980-களிலிருந்தே இந்தக் குழுவின் ரசிகர். அவர் மனைவியால் வர முடியாமல் போனதால் அந்தச் சீட்டு எனக்கு வந்தது. பீட்டர் காரெட் என்ற மொட்டைத்தலைப் பாடகர், நெடுநெடுவென்ற உயரம், கைகால்களை வெட்டி வெட்டி ஆடுவார். அவ்வளவுதான் அன்று எனக்குத் தெரியும்.

பூங்காவின் பெயரைப் பற்றி நண்பர்தான் சொன்னார். கிங் ராட்னி என்பது இட்யமை-இட்பினா என்ற, கௌர்னா பூர்வகுடி மக்களின் தலைவருக்குக் குடியேறிய வெள்ளையர்கள் வைத்த பெயர். தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்ட் நகரமே கௌர்னா மக்களின் நிலம். நிகழ்ச்சி தொடங்கும் முன் அவர்கள் மொழியில் வரவேற்பு நடந்தது. அந்த மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி ஆளாகக் கருதப்படும் இவாரிட்ஜி என்ற பெண்மணி 1929-ல் இறந்துவிட்டார். 1830-களின் கடைசியில் வந்த இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் எழுதி வைத்த சொற்களையும் இலக்கணத்தையும் வைத்துத்தான் அதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தாய்மொழியை நினைத்த நேரத்தில் நினைத்தபடி பேசித் திரிகிற எனக்கு, அந்தச் சில நிமிட வரவேற்பிலேயே தொண்டை அடைத்துவிட்டது. பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அன்றைய நிகழ்ச்சியின் அடிப்படை, 2020 அக்டோபரில் வந்த 'மக்கராட்டா புராஜெக்ட்' என்ற தொகுப்பு. மக்கராட்டா என்பது வட ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான யோல்ங்கு மக்களின் சொல். சண்டைக்கு அப்புறம் இரு தரப்பும் உண்மையைப் பேசி ஒன்றுசேர்வது என்று பொருள். 2017 மே மாதம் உலுருவில் பூர்வகுடிப் பிரதிநிதிகள் சுமார் 250 பேர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல அரசியல் சட்டத்தில் தங்களுக்கென 'குரல்' என்ற ஓர் அமைப்பு வேண்டும், உடன்படிக்கையும் நடந்த உண்மையைச் சொல்வதும் வேண்டும் என்று கேட்டது அந்த அறிக்கை. அதை மக்களிடம் கொண்டுபோகத்தான் இந்தத் தொகுப்பு. தங்கள் வருமானத்தையும் அந்த வேலைக்கே கொடுத்தார்கள். பாடியவர்கள் பூர்வகுடிக் கலைஞர்கள்: டேன் சுல்தான், ஆலிஸ் ஸ்கை, லியா ஃபிளானகன், தாஸ்மன் கீத், டிராய் காசர்-டேலி, பன்னா லாரி, இன்னும் பலர். ஒரு பாட்டில் சிட்னியின் காடிகல் மொழியிலேயே ஒரு பத்தி வருகிறது.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். சமூக அக்கறை உள்ள குழு என்றால் நடுவில் பாடகர் நீளமாகப் பேசுவார், நாம் கைதட்டுவோம் என்று நினைத்துப் போனேன். பேச்சு மிகக் குறைவு. விருந்தினர்கள் பாடும்போது இந்தப் பெரிய குழு அவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தது. காரெட்டைப் போல ஒரு மேடையையே நிரப்பக்கூடிய மனிதர் ஓரமாக ஒதுங்கி, பாடுகிறவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுப் புகழை இன்னொருவர் பாடுவதற்கான இடமாக மாற்றிக் கொடுக்க முடியும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

நான்கு மாதங்களுக்கு முன்புதான் அவர்களுடைய பேஸ் கிட்டார் கலைஞர் போன்ஸ் ஹில்மன் புற்றுநோயில் இறந்திருந்தார். அந்தத் துக்கத்தோடுதான் வாசித்தார்கள். பழைய பாட்டுகள் வந்ததும் நாற்காலியாவது ஒன்றாவது, எல்லோரும் எழுந்துவிட்டோம். நண்பர் அழுதார். நானும்.

அப்புறம் 2023 அக்டோபர் 14-ல் அந்தக் 'குரல்' பற்றிய வாக்கெடுப்பு நடந்தது. குடியுரிமை வாங்கியபின் நான் போட்ட முதல் வாக்குகளில் ஒன்று. நாடு முழுவதும் சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலங்களில் ஒன்றுகூட ஆதரிக்கவில்லை.

அப்படியானால் அந்த மாலை எதற்காக? இரண்டு வருடத்துக்கு மேலாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

கடைசி வரிசை:

நல்ல பதிவு, நிழற்குடை. ஆனால் நான் மாறுபடுகிறேன்.

அந்தப் பூங்காவில் இருந்தவர்கள் ஏற்கெனவே ஒத்த கருத்து உள்ளவர்கள். அறுபது சதவீதத்தில் ஒருவர்கூட அங்கே வந்திருக்க வாய்ப்பு குறைவு. நம்மை நாமே நல்லவர்கள் என்று உணர்ந்துகொண்டு வீட்டுக்குப் போகிறோம். அதற்காகத்தான் காசு கொடுக்கிறோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. காரெட் 2004-ல் தொழிற்கட்சி சார்பில் நாடாளுமன்றம் போனார், 2007-ல் சுற்றுச்சூழல் அமைச்சர் ஆனார். வாழ்நாள் முழுவதும் அணுசக்திக்கு எதிராகப் பாடியவர், 2009-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஃபோர் மைல் யுரேனியச் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்தார். என்னைப் போன்றவர்களுக்கு அது ஆறாத காயம். அதற்கு அப்புறம் அவர் மேடையில் எவ்வளவு ஒதுங்கி நின்றாலும் என் காதில் அந்தக் கையெழுத்துதான் கேட்கிறது.

ஆறாம் தந்தி:

கடைசி வரிசை சொல்லும் சுரங்க விஷயம் உண்மை, மறுக்கவில்லை. அதே அமைச்சர் பதவியில் இருந்தபோதுதான், 2010-ல், ஜப்பானின் திமிங்கல வேட்டைக்கு எதிராக ஆஸ்திரேலியா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2014-ல் தீர்ப்பு ஆஸ்திரேலியாவுக்குச் சாதகமாக வந்தது. ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது. இரண்டையும் சேர்த்துத்தான் அந்த மனிதரைப் பார்க்க வேண்டும்.

'ஒத்த கருத்து உள்ளவர்கள் மட்டும்தான் வருவார்கள்' என்பதற்கு இந்தக் குழுவிடமே பதில் இருக்கிறது. எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்கா கடலில் எண்ணெயைக் கொட்டியது 1989 மார்ச்சில். அடுத்த ஆண்டு மே 30-ம் தேதி நியூயார்க்கில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு முன்னால், மதிய உணவு நேரத்தில், ஒரு லாரியின் மேல் நின்று வாசித்தார்கள். அங்கே கூடியவர்கள் அலுவலகத்திலிருந்து சாப்பிட இறங்கி வந்தவர்கள், சீட்டு வாங்கி வந்தவர்கள் இல்லை.

2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழா இன்னும் பெரியது. பூர்வகுடிகளிடம் அரசு சார்பில் மன்னிப்புக் கேட்க மறுத்துவந்த பிரதமர் ஜான் ஹோவர்ட் அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இவர்கள் கறுப்பு உடையில் வருகிறார்கள். உடை முழுக்க 'சாரி' என்று எழுதியிருக்கிறது. உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. அந்தச் சொல் ஏன் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் படித்ததில்தான், பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துச் செல்லப்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளின் வரலாறு எனக்குத் தெரியவந்தது. 2008 பிப்ரவரி 13-ல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டபோது காரெட் அந்த அரசில் அமைச்சர்.

நான் எங்கேயோ ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஓட்டப்பந்தயத்துக்காகத் தொலைக்காட்சி பார்த்த பையன். என்னை யாரும் ஏற்கெனவே மாற்றி வைத்திருக்கவில்லை.

ஒலிப்பலகை:

நான் மேடை ஒலி அமைப்பில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். அரசியல் தெரிந்தவர்கள் பேசுங்கள், எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நிழற்குடை சொன்ன 'மைக்கை விட்டுக்கொடுப்பது' மிக்சர் என்ற ஒலிக் கலவைப் பலகையின் முன்னால் இருப்பவனுக்கு நேராகவே தெரியும். பெரிய குழுவோடு விருந்தினர் ஒருவர் பாட வந்தால் வழக்கமாக என்ன நடக்கும்? முதன்மைப் பாடகரின் குரலுக்குத்தான் எல்லாம் அளந்து வைத்திருப்போம். விருந்தினர் கடைசி நேரத்தில் ஒருமுறை சோதித்துப் பார்ப்பார், அவ்வளவுதான். அவருக்குக் காதில் என்ன கேட்க வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். தன் குரல் தனக்கே கேட்காதபோது பாடகர் கத்துவார் அல்லது சுருதி விலகும். பார்ப்பவர்கள், 'பாவம், பெரிய மேடைக்குப் பழக்கமில்லை' என்பார்கள். பழக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அவருக்கென்று ஒரு மானிட்டர் கலவை, அதாவது அவர் காதுக்கு மட்டும் போகும் ஒலி, செய்யாததுதான் காரணம்.

அந்தப் பாட்டுக்கு மட்டுமாவது கிட்டார் ஒலியைக் கொஞ்சம் தாழ்த்தி, விருந்தினரின் குரலுக்கு இடம் விட வேண்டும். ராக் குழுவிடம் 'உங்கள் கிட்டார் ஆம்ப்பின் (ஒலிபெருக்கியின்) சத்தத்தைக் குறையுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். நிழற்குடை, அன்று விருந்தினர்கள் பாடிய சொற்கள் உங்களுக்குத் தெளிவாகக் கேட்டதா?

நிழற்குடை:

கேட்டது! நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன், நான் ஏறக்குறைய பின்பகுதியில் இருந்தேன், ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அதன் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஒலிப்பலகை:

அப்படியென்றால் அது யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தது. தற்செயலாக அமையாது.

பின்பகுதி என்றீர்களே, அங்கே கேட்ட கூட்டத்தின் பாட்டு ஒரு மாதிரி அலையடித்திருக்குமே? ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு மேடைச் சத்தம் 0.3 நொடி தாமதமாக வரும். அதனால் திறந்தவெளியில் நடுவிலும் பின்னாலும் ஒலிபெருக்கிக் கோபுரங்கள் வைத்து, மேடைச் சத்தத்தோடு பொருந்தும்படி அவற்றையும் அதே அளவு தாமதப்படுத்துவோம். ஆனால் மக்கள் தொண்டையைத் தாமதப்படுத்தவோ முந்தவைக்கவோ முடியாதே. பின்னால் இருப்பவர்கள் தங்களுக்குக் கேட்டதும் பாடுவார்கள். அது திரும்பி மேடைக்குப் போய்ச்சேர இன்னொரு 0.3 நொடி. ஆயிரக்கணக்கானவர்கள் பாடும்போது சொற்களின் விளிம்பு கரைந்து கடல்போல ஒலிப்பது அதனால்தான். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த சத்தம் அது.

எல்லோரும் காதடைப்பான் போட்டுக்கொண்டு போங்கள். 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம்தான். இதைச் சொல்லாமல் நான் எந்த இழையையும் விட்டுப் போவதில்லை.

மரப்பாச்சி:

நான் ராக் இசை பற்றி அதிகம் அறியாதவள். என் தோழியோடு வாழ்க்கையில் ஒரே ஒருமுறை ராக் நிகழ்ச்சிக்குப் போனேன், பத்தொன்பது வயதில். பெயர் சொல்லும் அளவுக்குப் பெரிய குழு இல்லை. போருக்கு எதிரான பாட்டுகள் பாடுவார்கள். உட்கார இடமில்லாத அரங்கம், தடுப்புகளைச் சரியாக வைக்கவில்லை, கூட்டம் முன்னால் நெருக்கித் தள்ளியது. நான் கீழே விழுந்துவிட்டேன். எழ முடியவில்லை. மேலே காலும் முழங்காலும்தான் தெரிந்தது. மூச்சு விட முடியாத அந்த நேரம் எவ்வளவு என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

திடீரென்று பாட்டு நின்றது. மேடையில் பாடிக்கொண்டிருந்த பெண் கிட்டாரைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, 'எல்லோரும் மூன்று அடி பின்னால் போங்கள், ஒருவர் விழுந்திருக்கிறார், அவர் எழுந்த பிறகுதான் பாடுவேன்' என்றாள். கூட்டம் விலகியது. யாரோ இரண்டு பேர் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். அவள் என்னைப் பார்த்து, 'சரியாக இருக்கிறீர்களா?' என்று கேட்டு, நான் கையைத் தூக்கிக் காட்டும் வரை காத்திருந்தாள்.

அவர்கள் பாடிய ஒரு வரிகூட எனக்கு நினைவில்லை. அந்தக் கேள்வி நினைவிருக்கிறது.

ஆறாம் தந்தி:

மரப்பாச்சி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதவே முடியவில்லை. நீங்கள் எழுந்தது நல்லது.

இது சின்ன விஷயம் இல்லை. 2000 ஜூன் 30-ல் டென்மார்க்கின் ரோஸ்கில்ட இசை விழாவில் பேர்ல் ஜாம் என்ற அமெரிக்க ராக் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது நெரிசலில் ஒன்பது இளைஞர்கள் இறந்தார்கள். அதே குழுதான், அதற்குச் சரியாக ஆறு ஆண்டுகளுக்கு முன்னால், 1994 ஜூன் 30-ல், சீட்டு விலையைக் கட்டுக்குள் வைக்க, சீட்டு விற்கும் நிறுவனமான டிக்கெட்மாஸ்டருக்கு எதிராக அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னது. ரசிகர்கள் மேல் அக்கறை இல்லாத குழு என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. அவர்கள் முன்னாலேயே அது நடந்தது. நல்ல மனது மட்டும் போதாது, தடுப்பு சரியாக இருக்க வேண்டும், கண் கூட்டத்தின் மேல் இருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் என் மனதில் எப்போதும் வாஷிங்டனின் ஃபுகாஸி என்ற ராக் குழுதான் நிற்கிறது. 1987 முதல் 2002 வரை மேடை ஏறினார்கள். சீட்டு பெரும்பாலும் 5 டாலர்தான். எல்லா வயதினரும் வரலாம் என்பது அவர்கள் விதி. முன்வரிசையில் யாராவது மற்றவர்களை இடித்துத் தள்ளினால் பாட்டை நிறுத்தி, நிறுத்தச் சொல்லிக் கேட்பார்கள். கேட்காதவரை வெளியே அழைத்துப்போய் அவருடைய 5 டாலரைத் திருப்பிக் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் குழு எதை நம்பியது என்று அந்த ஐந்து டாலரை வைத்தே சொல்லிவிடலாம்.

தாமிரா:

எல்லாம் படித்தேன். மேடையில் இன்னொருவருக்கு இடம் கொடுப்பது என்றதும் எனக்கு 2019 டிசம்பர் 15 நினைவுக்கு வந்தது. நவி மும்பை டி.ஒய். பாட்டீல் அரங்கம், அயர்லாந்து ராக் குழுவான யூ2-வின் முதல் இந்திய நிகழ்ச்சி. ஏ.ஆர். ரகுமானும் அவர் மகள்களும் மேடைக்கு வந்தார்கள். அவர்கள் சேர்ந்து செய்த அகிம்சை பற்றிய பாட்டில் 'இன்னா செய்தாரை ஒறுத்தல்' என்ற குறள் வருகிறது. அயர்லாந்தில் குண்டுவெடிப்புகளின் காலத்தில் வளர்ந்தவர்கள் பக்கத்தில் நின்று வாசிக்க, அந்தக் குறள். என்னைச் சுற்றி நின்றவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. நான் மட்டும் சத்தமாகச் சேர்ந்து சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண் பொருள் கேட்டாள். 'உனக்குத் தீங்கு செய்தவனுக்குத் தண்டனை கொடுக்க வேண்டுமா? அவன் வெட்கப்படும்படி நல்லது செய், அதோடு மறந்துவிடு' என்றேன். அவள் அதைக் கைபேசியில் எழுதிக்கொண்டாள்.

கடைசி வரிசை:

மரப்பாச்சியின் பதிவுக்கு அப்புறம் நான் முதலில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'நல்லவர்கள் என்று உணர்ந்துகொண்டு வீட்டுக்குப் போகிறோம்' என்று பொதுவாக எழுதியிருக்கக்கூடாது. யுரேனியச் சுரங்கம் பற்றிச் சொன்னதிலிருந்து நான் பின்வாங்கவில்லை, அது வேறு.

ஆனால் ஒரு கேள்வி இன்னும் இருக்கிறது. 1986-ல் இதே குழு பாலைவனத்துக்குள் இருக்கும் பூர்வகுடி ஊர்களுக்கு வாரம்பி பேண்ட் என்ற பூர்வகுடி ராக் குழுவோடு பயணம் போனது. வாரம்பி பேண்ட் 1983-லேயே லுரிட்ஜா மொழியில் ராக் பாட்டு வெளியிட்டவர்கள், பூர்வகுடி மொழியில் வந்த முதல் ராக் பாட்டு என்று அதைச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பயணத்துக்கு அப்புறம் உலகப் புகழ் கிடைத்தது மிட்நைட் ஆயிலுக்கு. நிழற்குடை பார்த்த மாலை அந்தக் கடனை அடைக்கும் முயற்சி என்று எடுத்துக்கொள்ளலாமா?

நிழற்குடை:

எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர்கள் வாரம்பி பேண்டின் ஊர்க்காரர்கள். முழுதாக அடைந்ததா என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். முப்பத்தைந்து ஆண்டு தாமதம் என்பது தாமதம்தான்.

தெற்கு ஆஸ்திரேலியாவைப் பற்றி ஒன்றைச் சேர்க்க விட்டுவிட்டேன். நாடு தழுவிய வாக்கெடுப்புக்கு ஏழு மாதம் முன்பே, 2023 மார்ச்சில், இந்த மாநில நாடாளுமன்றம் பூர்வகுடிகளுக்கான தனிக் குரல் அமைப்பைச் சட்டமாக்கியிருந்தது. நாட்டிலேயே முதல் மாநிலம். வாக்கெடுப்பில் இங்கேயும் 'வேண்டாம்'தான் ஜெயித்தது, ஆனாலும் அந்தச் சட்டப்படி 2024 மார்ச்சில் தேர்தல் நடந்தது. ஒரு பாட்டினால் வந்தது என்று சொல்ல மாட்டேன். பல ஆண்டுகள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசியவர்களால் வந்தது.

மரப்பாச்சி:

நிழற்குடை, உங்களோடு வந்த நண்பர்? வாக்கெடுப்பு தோற்ற பிறகு அவர் என்ன சொன்னார்?

நிழற்குடை:

சனிக்கிழமை இரவே முடிவு தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தயக்கமாக இருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் வந்து, வாக்கெடுப்பைப் பற்றி ஒன்றும் பேசாமல், 'நின்னா மார்னி?' என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. கௌர்னா மொழியில் 'நன்றாக இருக்கிறாயா?' என்று அர்த்தமாம். அந்த ஆண்டு ஆரம்பத்திலிருந்தே வாரம் ஒரு மாலை அந்த மொழியைப் படித்துக்கொண்டிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. நம் காதுக்கு 'நின்' என்று விழுவதாலோ என்னவோ, எனக்கு அது சட்டென்று மனதில் ஒட்டிக்கொண்டது.

பதில் 'மார்னி ஐ' என்று அவரே சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் உச்சரிப்பு சரியாக வரவில்லை, மூன்று முறை திருத்தினார். இப்போதும் திங்கட்கிழமைகளில் கேட்கிறார்.